பெல்லட் ஸ்டவ்வில் தெர்மோஸ்டாட் மாட்டும்போது எங்கே தவறுகிறார்கள்?

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டுகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஸ்டவ் 1980களில் அமெரிக்காவின் வடமேற்கில் புழக்கத்துக்கு வந்தது. இன்று அங்கேயும் கனடாவிலும் குளிர் மிகுந்த பகுதிகளில் பல வீடுகளில் இருக்கிறது. எரிப்பது விறகுதான் என்றாலும் பெரும்பாலான மாடல்கள் மின்சாரம் இல்லாமல் ஓடாது. பெல்லட்டைத் தள்ளிவிடும் திருகுக்கு ஒரு மோட்டார், புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன், சூட்டை அறைக்குள் ஊத இன்னொரு ஃபேன், பற்றவைக்க ஓர் இக்னைட்டர், இவற்றையெல்லாம் மேய்க்க ஒரு கன்ட்ரோல் போர்டு.

தெர்மோஸ்டாட்டின் வேலை அறையின் வெப்பநிலையைப் பார்த்து அந்த போர்டிடம் ‘சூடு வேண்டும்’, ‘போதும்’ என்று சொல்வது மட்டுமே. வாசலில் இருக்கும் காலிங் பெல் பொத்தான் மாதிரி அது வெறும் சுவிட்ச். எப்போது பற்றவைப்பது, எப்படி அணைப்பது என்பதெல்லாம் போர்டின் பொறுப்பு. இதை மறந்துவிடுவதால்தான் பெரிய தவறுகள் வருகின்றன.

அவற்றில் மிக மோசமானது, ஸ்டவ்வுக்கு வரும் 120 வோல்ட் மின்சாரத்தையே தெர்மோஸ்டாட்டோ ஸ்மார்ட் ப்ளக்கோ வைத்துத் துண்டிப்பது. அறை சூடானதும் கரண்ட் போய்விடும், ஸ்டவ் நின்றுவிடும் என்பது கணக்கு. நிற்பது ஃபேன்தான், நெருப்பு அல்ல. எரிகலனில் கனன்றுகொண்டிருக்கும் பெல்லட்டின் புகையை இழுக்க ஆளில்லாமல் போனால் அது கதவு இடுக்கு வழியாகவும் பெல்லட் தொட்டி வழியாகவும் வீட்டுக்குள் வரும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். சில சமயம் நெருப்பே தொட்டியை நோக்கி ஏறும். முறையாக அணையும்போது போர்டு முதலில் பெல்லட் போடுவதை நிறுத்தும். மிச்சம் எரிந்து ஸ்டவ்வின் உடல் ஆறும்வரை ஃபேனை ஓடவிடும். இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இதே காரணத்தால்தான், வயரிங் வேலைக்காக ப்ளக்கைப் பிடுங்குவதும் ஸ்டவ் முழுக்க ஆறிய பிறகுதான்.

அடுத்தது வோல்டேஜ். பெரும்பாலான ஸ்டவ்களின் பின்பக்கம் தெர்மோஸ்டாட்டுக்கென்று இரண்டு டெர்மினல்கள் இருக்கும். அவற்றில் வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் நுழையக்கூடாது. இரண்டையும் சேர்த்தால் ஓடும், பிரித்தால் நிற்கும், அவ்வளவுதான். பேட்டரியில் ஓடும் புரோகிராமபிள் தெர்மோஸ்டாட் இதற்குக் கச்சிதம்: அதில் ஆர் (R), டபிள்யூ (W) என்று குறித்த டெர்மினல்களில் ஆளுக்கொரு வயர், எது எதில் என்ற கவலைகூட இல்லை. சூட்டுக்கும் ஏசிக்கும் தனித்தனி ஆர் டெர்மினல் இருந்தால் சூட்டுக்கானதை எடுத்துக்கொள்ள வேண்டும். அறையில் பழைய பேஸ்போர்டு ஹீட்டரின் (சுவரோரம் தரையை ஒட்டி இருக்கும் மின் ஹீட்டர்) தெர்மோஸ்டாட் சும்மாதானே கிடக்கிறது என்று அந்த வயரை இழுத்துவந்து சேர்ப்பவர்களும் உண்டு. அதில் வருவது பெரும்பாலும் 240 வோல்ட். போர்டு அந்த நொடியே கருகும்.

வைஃபை தெர்மோஸ்டாட்டில் இதே தப்பு கொஞ்சம் மறைந்திருக்கும். அவற்றில் பலவற்றுக்கு எப்போதும் 24 வோல்ட் ஏசி மின்சாரம் வேண்டும். வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ் தரும், பெல்லட் ஸ்டவ் பொதுவாகத் தராது. அதனால் ஒரு 24 வோல்ட் அடாப்டரை வாங்கி, தெர்மோஸ்டாட்டின் ஆர், சி (C, மின்சாரம் திரும்பும் டெர்மினல்) இரண்டிலும் கொடுக்கிறார்கள். அதுவரை சரி. அப்புறம் டபிள்யூவிலிருந்து நேராக ஸ்டவ்வுக்கு ஒரு வயரைப் போடுகிறார்கள். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஆரில் இருக்கும் 24 வோல்ட் டபிள்யூ வழியாக வெளியே வரும். போய்ச் சேருவது போர்டில். நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே, அதாவது ஒரு பக்கம் மின்சாரம் வந்தால் மறுபக்கம் தனியாக இருக்கும் சுவிட்சை மூடும் சாதனம், வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. டபிள்யூவும் சியும் ரிலேயின் காயிலுக்கு (மின்சாரம் வரும் பக்கம்), ஸ்டவ்வின் இரண்டு வயர்கள் ரிலேயின் கான்டாக்டுக்கு (சுவிட்ச் பக்கம்). போர்டு மாற்றும் செலவைப் பார்த்தால் ரிலேயின் விலை ஒன்றுமே இல்லை.

சில ஸ்டவ்களில் தொழிற்சாலையிலேயே அந்த இரண்டு டெர்மினல்களையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்திருப்பார்கள். அதைக் கழற்றாவிட்டால் தெர்மோஸ்டாட் என்ன சொன்னாலும் ஸ்டவ் எரிந்துகொண்டே இருக்கும். வயருக்கு 18 கேஜ் இரட்டை வயர் போதும். ஸ்டவ்வின் உடலையோ புகைக்குழாயையோ அது தொடாமல் இருக்க வேண்டும்.

வயரிங் சரியாக இருந்தும் ஸ்டவ்வை வீணாக்குவது செட்டிங். புதுத் தெர்மோஸ்டாட்டுகள் பலவும் கேஸ் ஃபர்னஸை மனதில் வைத்து மணிக்கு ஐந்து முறை வரை ஆன், ஆஃப் ஆகும்படி வரும். பெல்லட் ஸ்டவ்வுக்குப் பற்றிக்கொள்ளவே பல நிமிடம் வேண்டும், அணைய அதைவிட அதிகம். இப்படி அடிக்கடி எழுப்பினால் முதலில் போவது இக்னைட்டர். மணிக்கு ஒரு சைக்கிள் என்று மாற்றிவிடுங்கள். ஆன் ஆகும் வெப்பநிலைக்கும் ஆஃப் ஆகும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை அமைக்கும் வசதி இருந்தால் ஒன்று, ஒன்றரை டிகிரி செல்சியஸ் விடுங்கள். இக்னைட்டரே இல்லாத மாடல் என்றால் ஆன், ஆஃப் முறையே கூடாது. தெர்மோஸ்டாட் ‘போதும்’ என்றதும் சிறு தீயில் நிற்கும் முறை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

புரோகிராம் போடும்போதும் பேராசை வேண்டாம். இரவில் எட்டு டிகிரி குறைத்துவிட்டு விடிந்ததும் வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்றால், சிறிய ஸ்டவ் அதை ஈடுகட்ட மதியம்கூட ஆகலாம். இரண்டு, மூன்று டிகிரி குறைத்தால் போதும். தெர்மோஸ்டாட்டை ஸ்டவ்வின் காற்று படும் இடத்திலோ, வெயில் விழும் சுவரிலோ, வெளிச்சுவரிலோ மாட்டாதீர்கள். அறையின் உட்சுவரில் ஐந்தடி உயரம் நல்லது.

பேட்டரியைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அப்படியும் ஒருநாள் ஸ்டவ் பற்றவில்லை என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஸ்டவ்விலிருந்து வரும் இரண்டு வயர்களையும் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். ஸ்டவ் கிளம்பினால் கோளாறு தெர்மோஸ்டாட்டில். கிளம்பாவிட்டால் ஸ்டவ்வின் டெர்மினலிலேயே ஒரு சிறு வயரால் இணைத்துப் பாருங்கள். அப்போது கிளம்பினால் நடுவில் உள்ள வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால்தான் மெக்கானிக்.