சங்குக்குள் இயற்கை முத்து: எங்கே, எப்படித் தேடுவது?

கரையில் ஒதுங்கிய வெறும் சங்கைக் குலுக்கிப் பார்ப்பது வீண் வேலை. முத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. உள்ளே வாழும் உயிரின் சதைக்குள் இருக்கும். சதை போனால் அதுவும் போச்சு.

இங்கே சொல்லப்போவது கரீபியன் கடலில் வாழும் குயின் காங்க் சங்கைப் பற்றி. இளஞ்சிவப்பு முத்துக்குப் பேர்போனது இதுதான்.

1. முதலில் சட்டத்தைப் பாருங்கள். புளோரிடாவில் உயிருள்ள குயின் காங்கைப் பிடிக்கவே கூடாது. பஹாமாஸில் வெளி உதடு நன்றாக விரிந்த, வளர்ந்த சங்கை மட்டும்தான் எடுக்கலாம்.

2. முத்துக்காகச் சங்கைக் கொல்லாதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்றில் முத்து இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதிலும் நகைக்குத் தேறுவது கொஞ்சம்தான். கறிக்காகச் சங்கு சுத்தம் செய்யும் மீனவர்களிடம் போய், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு தேடுங்கள்.

3. சுத்தம் செய்வதைக் கவனியுங்கள். சங்கின் சுருள் முனைப் பக்கம் சுத்தியலால் சின்னத் துளை போடுவார்கள். அதில் கத்தியை விட்டு, சங்கின் ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுப்பார்கள். பிறகு வாய்ப்பக்கம் நகம் மாதிரி நீண்டிருக்கும் மூடியைப் பிடித்து இழுத்தால் மொத்த உடலும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வெள்ளைத் தசை சமையலுக்கு, மீதி குப்பைக்கு. உங்களுக்கு வேண்டியது அந்த மீதிதான். சங்கின் ஓடு உருவாகச் சுரக்கும் மெல்லிய தோலை விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக நீவிப் பாருங்கள். கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் தோலை விரலாலேயே பிதுக்குங்கள். கத்தி பட்டால் முத்தில் கீறல் விழும். இழுக்கும்போது நழுவி விழுந்திருக்கலாம் என்பதால், ஓட்டைக் கழுவிய தண்ணீரையும் சல்லடையில் ஊற்றுங்கள். கொழகொழப்பும் நாற்றமும் ஒத்துவராதவர்களுக்கு இந்த வேலை ஆகாது!

4. கிடைத்தது முத்துதானா? சிப்பி முத்தின் வானவில் மினுக்கை இதில் தேடாதீர்கள். பீங்கான் மாதிரிப் பளபளப்புதான் இருக்கும். அளவு பெரும்பாலும் சில மில்லிமீட்டர். உருண்டையாக அமைவது அபூர்வம். நீள்வட்டமும் கோணல்மாணலும்தான் அதிகம். நிறம் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்றும் வரும். நகைக்கடைக்காரரின் 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நல்ல முத்தின் மேல் தீநாக்குகள் மாதிரிக் கோடுகள் அலையலையாக ஓடுவது தெரியும். சங்கின் ஓட்டையே உருட்டித் தேய்த்து முத்து என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஓட்டின் அடுக்குகள் பட்டை பட்டையாகத் தெரியும். லட்சணமான முத்து என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை துளை போட வேண்டாம்.

5. வெறும் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியில் சுற்றி வையுங்கள். வினிகர், எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். இது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் அரித்துவிடும். வெயிலும் ஆகாது, இளஞ்சிவப்பு வெளுத்துப்போகும்.

அப்புறம், நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோவதாக இருந்தால்: குயின் காங்க் 1992 முதல் சைட்டிஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கிளம்பும் நாடு, போய்ச் சேரும் நாடு இரண்டிலும் என்ன அனுமதி வேண்டும் என்று முன்பே கேட்டு, தாளைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.