பிள்ளைக்கு நீச்சல் வந்துவிட்டது; போட்டிக்கு எப்படி அனுப்புவது?

கோடை முகாமில் நீந்தக் கற்றுக்கொண்ட பிள்ளை, ஜூன் மாதம் பிறந்ததும் "நானும் போட்டிக்குப் போகிறேன்" என்று வந்து நிற்கும். பெற்றோருக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சென்னைப் புறநகரில், வாடகைக் குளத்தில் நடக்கும் ஒரு சிறிய கிளப்பின் போட்டிப் பதிவு வேலை என் தலையில் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். ஆனால் படிவம் நிரப்புவதில் என்னென்ன தவறு செய்யலாமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாமே என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. சேர்க்கும் முன் ஒரு காலை வேளை போய்ப் பாருங்கள்

எங்கள் குளம் 25 மீட்டர், ஆறு லேன் (கயிறு கட்டிப் பிரித்த தடம்). காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்தாக வேண்டும். பிறகு பொதுமக்கள் வந்துவிடுவார்கள். பிள்ளைகளை வயது பார்த்துப் பிரிப்பதில்லை, வேகம் பார்த்துத்தான் பிரிக்கிறோம். ஒரே லேனில் ஆறேழு பேர், ஒரு பக்கக் கயிற்றை ஒட்டிப் போய் மறு பக்கக் கயிற்றை ஒட்டித் திரும்பி, செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கரும்பலகையில் "50 மீட்டர் × 10, ஒரு நிமிடத்துக்கு ஒன்று" என்று இருந்தால், 45 நொடியில் வந்து சேர்பவனுக்கு 15 நொடி ஓய்வு. 55 நொடியில் வருபவனுக்கு ஐந்தே நொடி. நல்ல கிளப்பில் பிள்ளைகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தாங்களாகவே கிளம்புவார்கள். கோச் கத்திக்கொண்டிருக்க மாட்டார்.

ஆழத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து பாய்ந்து பழக, பாயும் பக்கத்தில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி. அடுக்குமாடிக் குடியிருப்புக் குளங்கள் பலவற்றில் அந்த ஆழம் இருக்காது. அங்கே 'டைவ்' பழக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால், பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அதற்கும் மேலே இந்திய நீச்சல் சம்மேளனம். ஏணி இதுதான். பிள்ளைக்குச் சம்மேளனத்தின் பதிவு எண் வாங்கிவிட்டால், மாநிலப் போட்டியானாலும் தேசியப் போட்டியானாலும் அதே எண்தான். பள்ளி வழியாகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் பாதை தனி. முதலமைச்சர் கோப்பையும் தனி. எல்லாவற்றிலும் கலந்துகொள்ளலாம், ஒன்றில் பதிந்தது இன்னொன்றுக்குச் செல்லாது, அவ்வளவுதான்.

இங்கே நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பள்ளிப் பதிவேட்டில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். ஒரே பிள்ளை மூன்று ஆளாகி நிற்கும். பதிவு எண் வாங்குவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். கடைசி நாளில் ஓடினால் நடக்காது.

3. சுற்றறிக்கையைப் பென்சிலோடு படியுங்கள்

நான் அடிக்கோடிடுவது ஐந்து இடங்கள்: கடைசித் தேதி, வயதுப் பிரிவு, ஒருவர் எத்தனை பந்தயத்தில் கலந்துகொள்ளலாம், குளத்தின் நீளம், இறுதிச் சுற்று தனியாக உண்டா என்பது. வயது பெரும்பாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31 கணக்கில்தான் பார்க்கப்படும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுவார்கள். பிரிவுகளை 'குரூப்' 1, 2 என்று எண்ணிட்டிருப்பார்கள்; எண் கூடக் கூட வயது குறையும். முதல் முறை எனக்கு இது தலைகீழாகத்தான் விளங்கியது.

எந்தப் பந்தயம் என்பதைக் கோச்சிடம் விட்டுவிடுங்கள். முதல் போட்டிக்கு 50 மீட்டரில் இரண்டு போதும்.

4. நுழைவு நேரம்: இங்கேதான் கவனம்

ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிள்ளையின் முந்தைய சிறந்த நேரத்தை எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் 'ஹீட்ஸ்' பிரிப்பார்கள், அதாவது ஒரே பந்தயத்துக்கு வந்தவர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீந்தும் குழுக்களாக. இறுதிச் சுற்று தனியாக இல்லாத சிறு போட்டிகளில் மெதுவானவர்கள் முதல் ஹீட்டில், வேகமானவர்கள் கடைசி ஹீட்டில். எட்டு லேன் குளத்தில் மிக வேகமானவருக்கு 4ஆவது லேன், அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. ஆக, நடுவில் நிற்பவரைப் பார்த்ததுமே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும், வெல்லப் போவது இவர் என்று.

எங்கள் பையன் ஒருவனுக்குப் பன்னிரண்டு வயது. 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளை நீச்சல்) அவனுடைய நேரம் 1:31. நான் எழுதியது 1:13. கடைசி ஹீட், 4ஆவது லேன். மற்ற ஏழு பேரும் தொட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றிய பிறகும் அவன் மட்டும் தனியாக நீந்தி வந்துகொண்டிருந்தான். அரங்கம் முழுவதும் கைதட்டியது. இரக்கத்தில் தட்டுகிற கைதட்டல் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். துண்டைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தவன், "அங்கிள், அடுத்த தடவை நானே எழுதித் தருகிறேன்" என்றான். அன்று முதல் நேரங்களைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். நான் தட்டச்சு செய்கிறேன், அவர்கள் திரும்பப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இன்னொரு கண்ணி குளத்தின் நீளம். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்த மூன்று முறை திரும்ப வேண்டும். 50 மீட்டர் குளத்தில் ஒரே முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துத் தள்ளும் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே சின்னக் குளத்து நேரத்தை அப்படியே பெரிய குளத்துப் போட்டிக்கு எழுதினால் பொய் சொன்ன மாதிரிதான். வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட குளம் 50 மீட்டர். முதன்முறை அதன் ஓரத்தில் நின்று பார்க்கும் பிள்ளை, எதிர்ச் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்கும்.

நொடியின் நூறில் ஒரு பங்கு வரைக்கும் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷைச் சொல்வேன். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38 நேரத்தில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வைக்கும் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. இந்திய நீச்சல் வீரர் எவரும் அதற்கு முன் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

5. தகுதி இழக்க வைக்கும் சின்ன விஷயங்கள்

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒற்றைக் கையால் தொட்டால் முதலிடமும் போய்விடும். பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்தபடியேதான் முடிக்க வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடிகள் தொங்கும். அங்கிருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்று பிள்ளை எண்ணிப் பழகியிருக்க வேண்டும். எங்கள் வாடகைக் குளத்தில் கொடி கிடையாது. கயிற்றில் திருவிழாத் தோரணத்தைக் கட்டிச் சமாளிக்கிறோம்.

தொடக்கத்தில் குட்டிக் குட்டியாகச் சில விசில்கள்: துண்டை வைத்துவிட்டுத் தயாராக வேண்டும். பிறகு ஒரு நீண்ட விசில்: மேடையில் ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக்காக இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டும், இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் சிலையாகிவிட வேண்டும். ஒலிக்கு முன் கிளம்பினால் வெளியே; இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரு மாதம் முன்னாலிருந்தே விசில் ஊதிப் பழக்குங்கள்.

6. போட்டி நாள்

இரண்டு நீச்சல் கண்ணாடி, இரண்டு தொப்பி, இரண்டு துண்டு. பாயும் நேரத்தில்தான் கண்ணாடியின் வார் அறுந்துபோகும். பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லி. இடையில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ போதும். உறவினர் அன்பாகக் கொண்டுவரும் பிரியாணியை மாலை வரை திறக்காதீர்கள்.

பட்டியல் ஒட்டப்பட்டதும், பிள்ளையின் முன்கையில் பேனாவால் மூன்று எண்கள் எழுதுவோம்: பந்தயம் 14, ஹீட் 3, லேன் 6. பெயர் கூப்பிடும் இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அங்கே பெற்றோருக்கு வேலை இல்லை.

வேலை வேண்டுமென்றால் ஸ்டாப்வாட்ச் பிடிக்க முன்வாருங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் ஆள் எப்போதும் போதாது. ஒலியைக் கேட்டு அமுக்காதீர்கள், தொடக்க விளக்கின் மின்னலைப் பார்த்து அமுக்குங்கள். ஒரு லேனுக்கு மூன்று கடிகாரம் இருந்து, இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் இருப்பது.

முடிவில் சந்தேகம் இருந்தால் நடுவரிடம் நீங்கள் போகாதீர்கள். அணி மேலாளர்தான், எழுத்து மூலம், கட்டணத்தோடு, பந்தயம் முடிந்த 30 நிமிடத்துக்குள் முறையிட வேண்டும். ஓர் அப்பா மேடைக்கே ஏறிப் போய்ச் சத்தம் போட்டதை ஒருமுறை பார்த்தேன். அவருடைய மகள் துணி மாற்றும் அறையை விட்டு வெளியே வரவேயில்லை.

7. அன்று இரவே

நேரங்களை நோட்டில் ஏற்றிவிடுங்கள். தேதி, பந்தயம், நேரம், குளத்தின் நீளம். 1:13 போட்ட பையன் இரண்டு ஆண்டு கழித்துத் தன் கையால் எழுதித் தந்த சீட்டு எங்கள் நோட்டில் ஒட்டியிருக்கிறது: "100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக், 1:19.86, பெரிய குளம்." 'பெரிய' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறான்.