புலி பார்க்கக் கிளம்பும் சென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘புலிகள் காப்பகம்’ என்று பலகை இருந்தால் போனதும் புலி கண்ணில் பட்டுவிடும் என்ற எதிர்பார்ப்பில்தான் பாதிப் பயணங்கள் கெடுகின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது முதுமலை. அங்கே புலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பாதையோரம் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. யானை, காட்டெருமை, புள்ளிமான், அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம் என்று போனால் முதுமலை ஏமாற்றாது. தேக்கடியும் அப்படித்தான். படகிலிருந்து யானையும் நீர்நாயும் தெரியும், புலி தெரிவது அபூர்வம்.

புலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மகாராஷ்டிரத்தின் தடோபாவை யோசியுங்கள். சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறினால் சந்திரபூரிலேயே இறங்கலாம். நாக்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது மாதக் கணக்கு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அதே நினைப்பில் ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். தடோபாவிலும், கான்ஹா போன்ற மத்தியப் பிரதேசக் காப்பகங்களிலும் மையக் காடு ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும், அக்டோபரில்தான் திறக்கும். புலி நன்றாகத் தெரிவது ஏப்ரல், மே மாதங்களில். காடு காய்ந்துவிடும், தண்ணீர் தேடிப் புலி குட்டைக்கு வந்தே தீர வேண்டும். வெயில் 45 டிகிரியைத் தொடும் என்பதால் கைக்குழந்தையோடு போக நான் சொல்ல மாட்டேன். முதுமலையில் கதை தலைகீழ்: கோடையில் காட்டுத்தீ பயம் வந்தால் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். வார விடுமுறையையும் கவனியுங்கள், தடோபாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சனி, ஞாயிறில் முதுமலையை முடித்துவிடலாம் என்பது இன்னொரு ஆசை. வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலைச் சவாரி தொடங்கும் தெப்பக்காடு போய்ச் சேர மதியமாகிவிடும். காலைச் சவாரி அன்றைக்குப் போச்சு. மாலையில் ஒன்று, ஞாயிறு காலையில் ஒன்று, அவ்வளவுதான் கிடைக்கும். ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள். சொந்தக் காரில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. கூடலூர் வழிதான் நிம்மதி. அப்படியே முதுமலையை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர் போகிறவர்கள், அந்தச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

மசினகுடியில் இறங்கியதும் “நைட் சஃபாரி சார், புலி கேரண்டி” என்று ஜீப்காரர்கள் வருவார்கள். கேரண்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே நகர்ந்துவிடுங்கள். இருட்டில் ஸ்பாட்லைட் அடித்து விலங்குகளை மிரட்டுவதுதான் அதில் நடப்பது. சட்டப்படி குற்றம், பிடிபட்டால் அபராதம். தெப்பக்காட்டில் வனத்துறை வரவேற்பு மையத்தில் சீட்டு வாங்கிப் போவதே முறையான சவாரி.

சவாரி வண்டியில் நடக்கும் பெரிய தவறு பேச்சு. கடமானோ மந்தியோ புலியைக் கண்டால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது அதற்காகத்தான். மந்தி மரத்தின் மேலிருந்து எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறது என்பது முக்கியம். மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் தலையைத் தூக்கி, முன்காலால் தரையை உதைத்து ஒரே பக்கம் முறைத்தால் அங்கேதான் ஏதோ இருக்கிறது. அந்த நேரத்தில் பின்சீட்டில் சிப்ஸ் பாக்கெட் பிரியும் சத்தம் கேட்கும், பாருங்கள்! புள்ளிமானைக் கவனிக்கப் பழக வேண்டுமானால் கிண்டி தேசியப் பூங்கா நம் ஊரிலேயே இருக்கிறது.

பரம்பிக்குளம் கேரளக் காப்பகம்தான். ஆனால் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான் போகிறது. பாலக்காட்டில் ரூம் போட்டுவிட்டு விழிக்காதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிப் போவதென்றால் சவாரியே தேவையில்லை, வால்பாறை போதும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பிஸ்கட் மட்டும் நீட்டாதீர்கள். வண்டியில் அடிபடாமல் அவை கடந்து போகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். தீனி காட்டினால் கீழே இறங்கி வண்டிகளுக்கு நடுவில் வந்துவிடும்.