பழைய ரூகர் பிஸ்டலைக் கழற்றித் துடைக்கும்போது செய்யக்கூடாதவை

பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சவுத்போர்ட் என்ற ஊரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதன் முதல் சரக்கு, 37.50 டாலர் விலையில் ஒரு .22 பிஸ்டல் (குண்டின் குறுக்களவு அங்குலக் கணக்கில்). நீளமான பேரலும் குறிபார்க்க, திருகித் திருத்தக்கூடிய பின்குறியும் கொண்ட அதன் போட்டி வடிவம் 1951இல் வந்தது. அதுதான் மார்க் 1. 1982இல் மார்க் 2 வரும்வரை அது விற்பனையில் இருந்தது. அந்தக் காலத்துப் பிஸ்டல்கள் இன்றும் அருமையாகச் சுடும். கெட்டுப்போனவற்றை எடுத்துப் பார்த்தால், சுட்டுத் தேய்ந்ததைவிடத் துடைக்கிறேன் என்று கெடுத்ததுதான் அதிகம்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட தவறு. கடைசித் தோட்டா போனபிறகு மார்க் 1இன் போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகரும் உருளை) திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து பார்த்து உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. தோட்டாக்களை அடுக்கிய மேகசினை எடுக்காமல் போல்ட்டை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். எனவே முதலில் மேகசின், அப்புறம் போல்ட். பிறகு பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இந்தப் பிஸ்டலைக் கழற்ற ட்ரிகரை அழுத்தி, உள்ளே அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரை இறக்க வேண்டியிருப்பதால் இந்த வரிசையில் சலுகையே கிடையாது. தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்தது, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவது. கைப்பிடியின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் கூட்டைத் திறந்து இறக்கினால் போல்ட் பின்பக்கமாக வந்துவிடும். வழக்கமான துடைப்புக்கு அதுவே போதும். பேரல் பகுதியைக் கைப்பிடியிலிருந்து பிரிப்பதை எப்போதாவது வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். இரும்புச் சுத்தியலால் தட்டுகிறவர்களுக்குப் பள்ளம்தான் மிச்சம். பிளாஸ்டிக் அல்லது மரச் சுத்தியல் போதும்.

பலரும் தலையைப் பிய்த்துக்கொள்வது திரும்பப் பூட்டும்போதுதான். ஹேமரின் பின்னால் ஸ்டிரட் என்ற சிறு கம்பி தொங்கும். கூட்டை மூடும்போது அதன் நுனி, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் தலைமேல் போய் உட்கார வேண்டும். கூட்டை மூடுவதற்குமுன் ட்ரிகரை அழுத்தி ஹேமரை முன்னால் விழவைத்திருக்க வேண்டும். ஸ்டிரட் பின்பக்கம் தாராளமாக ஊசலாடும்வரை பிஸ்டலைச் சாய்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் கூட்டை உள்ளே தள்ள வேண்டும். பார்க்காமல் மூடினால் ஸ்டிரட் வேறெங்காவது இடித்துக்கொண்டு நிற்கும். மூடியபின் போல்ட்டை இழுத்துப் பாருங்கள். கடைசிவரை வந்தால் சரி. கொஞ்சம் வந்து நின்றால் ஸ்டிரட் தவறான இடத்தில் இருக்கிறது. அப்போது கூட்டை மறுபடி திறந்து, முதலிலிருந்து செய்ய வேண்டும். இழுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்று பலத்தைக் காட்டக் கூடாது. இந்தச் சிரமம் அந்தப் பிஸ்டலோடு கூடப்பிறந்தது. ஒரு பொத்தானை அழுத்தித் திறக்கும் வசதி வர, 1949இலிருந்து 2016இல் மார்க் 4 வரை, 67 வருடம் ஆயிற்று.

போல்ட்டையும் பிரிக்கிறவர்கள் அதன் குறுக்கே போகும் சின்னஞ்சிறு பின் ஒன்றைத் தொலைத்துவிடுவதுண்டு. தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னை அளவோடு நிறுத்துவது அதுதான். அது இல்லாமல் வெறுமனே ட்ரிகரை அழுத்தினால் ஃபயரிங் பின் நேராகப் பேரலின் விளிம்பில் மோதிப் பள்ளம் போடும். பிறகு தோட்டா சரியாக ஏறாது, இறங்காது.

பேரலின் கதை வேறு. .22 தோட்டாவின் முனை பெரும்பாலும் மெழுகோ கிரீஸோ பூசிய மெத்தென்ற ஈயம். அது எஃகைத் தேய்ப்பது மிகக் குறைவு. துடைக்கும் கம்பியை முன்முனை வழியாக நுழைத்துக் குத்தும் நம் கைதான் எதிரி. குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் விளிம்பு அங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் சற்றே தேய்ந்தாலும் குறி சிதறும். மார்க் 1இல் போல்ட்டை எடுத்துவிட்டால் பின்பக்கம் குழாய்போலத் திறந்துவிடும். இவ்வளவு வசதி இருக்கும்போது முன்னாலிருந்து நுழைக்க ஒரு காரணமும் இல்லை. செம்பை அரிக்கும் அம்மோனியா திரவமும் தேவையில்லை, ஏனென்றால் உள்ளே படிந்திருப்பது பெரும்பாலும் ஈயமும் மெழுகும் கரியும்தான். அறையின் வாயைச் சுற்றிப் படியும் கரி வளையத்தையும் வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் அடைந்ததையும் எடுத்தாலே பாதிக் கோளாறு போய்விடும்.

எண்ணெய் நிறைய விட்டால் நல்லது என்று நினைப்பதும் தவறு. எண்ணெயும் கரியும் மெழுகும் கலந்து பசையாகி ஃபயரிங் பின்னை மந்தப்படுத்தும். தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும். உரசும் இடத்தில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தெடுத்தால் போதும்.

மேல்பூச்சு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. அந்தக் கருநீலம் எஃகின் மேலுள்ள மிக மெல்லிய படலம். உப்புத்தாளோ வினிகரோ பட்டால் போயே போய்விடும். 1951இல் ஸ்டர்ம் இறந்தபின் கைப்பிடியிலிருந்த கழுகுச் சின்னத்தைச் சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாற்றினார்கள். அதற்கு முந்திய சிவப்புக் கழுகுப் பிஸ்டல்களைச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். அப்படி ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு இறங்கும், 70 வருடச் சுவடும் அழியும். லேசான துருவென்றால் எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான துணியால் பொறுமையாக எடுங்கள்.

கழற்றிய கையோடு ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று உள்ளே அரத்தைக் கொண்டுபோகவே கூடாது. சர்வதேசப் போட்டியின் 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் பிரிவில்கூட ட்ரிகருக்குக் குறைந்தது 1000 கிராம் எடை வேண்டும். ஹேமரைப் பிடித்துநிறுத்தும் முனை தேய்ந்தால் துப்பாக்கி தானாகவே சுட்டுவிடும்.

இந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ள வேண்டாம். துணியிலும் கையிலும் ஒட்டியிருப்பது ஈயம், குழந்தைகளுக்கு அது கொடிய நஞ்சு. காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து வேலையை முடித்து, அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும்.