சிறு கீறல் வழி இடுப்பு மூட்டு மாற்று: வீட்டைத் தயார்செய்வது எப்படி

வழக்கமான இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு 20 முதல் 25 செ.மீ. வரை கீறுவார்கள், சிறு கீறல் முறையில் பெரும்பாலும் 8 முதல் 12 செ.மீ. போதும். தசைகள் குறைவாகப் பாதிக்கப்படுவதால் தொடக்க வாரங்களில் வலி குறையலாம். ஆனால் உள்ளே பொருத்தப்படுவது அதே செயற்கை மூட்டுதான் என்பதால், தையல் சிறியதாயிற்றே என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது கீறலின் நீளத்தை அல்ல, மூட்டை எந்தப் பக்கமாக அணுகப்போகிறார் என்பதை. பின்புறமாக என்றால், சில வாரங்களுக்கு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. கால்மேல் கால் போடுவதும் பாதத்தை உட்புறம் திருப்புவதும் ஆகாது. முன்புறமாக என்றால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்புறம் திருப்புவதைத் தவிர்க்கச் சொல்வார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஸ்டான்லி போன்ற மருத்துவமனைகளில் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுவது நல்லது.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் பெரிய சிக்கல் கழிப்பறைதான். இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்காரவே முடியாது. அதன்மேல் வைக்கும் கமோட் ஸ்டூல் ஒன்றை, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும் உயரத்தில் வாங்கி, ஸ்டூலின் கால்கள் ஈரத்தில் வழுக்காமல் ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கரை அறுவைக்கு முன்பே கொண்டுவந்து, அது கழிப்பறைக் கதவுக்குள் நுழைகிறதா என்று தள்ளிப் பார்ப்பது அவசியம். பழைய வீடுகளில் பல நேரம் நுழையாது. தரைப் பாயை எடுத்துவிட்டுக் கட்டில் போடுங்கள். நடைவழியில் வரிசையாக நிற்கும் தண்ணீர்க் குடங்களையும் அப்புறப்படுத்த வேண்டும், லாரி வரும் நாளானாலும்.

மாடியில் குடியிருப்பவர்கள் படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஒரு பக்கக் கைப்பிடியாவது ஆடாமல் இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காருவதைவிட, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிய காரே பாதுகாப்பு.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை, வலி இல்லையென்று இடையில் நிறுத்தக் கூடாது. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, காய்ச்சலோ, தையலில் நீர்க்கசிவோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.