கார்ட்டூன் சேனல்ல நிஜ மனுஷங்க வர ஆரம்பிச்சா என்ன பண்ணலாம்: கடலூர், பாண்டி வீடுகளுக்கு

சின்ன புள்ளைங்க இருக்குற வீட்ல இது அடிக்கடி நடக்குது, கார்ட்டூன் பாக்கலாம்னு சேனல் போட்டா நிஜ பசங்க ஒரு ஸ்கூல் வராண்டால நின்னு பேசிட்டு இருப்பாங்க, பின்னாடி யாரோ கும்பலா சிரிக்கிற சத்தம் வரும், நாலு வயசு குட்டி "பொம்மை படம் எங்க"ன்னு அழும், அதே நேரத்துல பதினோரு வயசு அக்கா "மாத்தாத மாத்தாத"ன்னு ரிமோட்ட புடுங்கும். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிற அம்மா அப்பாவுக்காக தான் எழுதுறேன். நான் சொல்ல வர்றது ஒண்ணு தான், வரைஞ்ச படமா ஆளுங்க நடிச்சதான்னு பாத்து நல்லது கெட்டது முடிவு பண்ணாதீங்க, எந்த வயசு புள்ளைக்காக எடுத்ததுன்னு பாருங்க, அத வெச்சு உங்க வீட்டு டிவி பாக்ஸையும் சேனல் பேக்கையும் சரி பண்ணிக்கோங்க.

மொதல்ல இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். அமெரிக்கால கார்ட்டூன் நெட்வொர்க் 1992 அக்டோபர்ல முழுக்க முழுக்க கார்ட்டூனுக்குன்னே ஆரம்பிச்ச சேனல். நிக்கலோடியன் 1991 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல மூணு கார்ட்டூன இறக்கி பேர் வாங்குச்சு. ஆனா 2000க்கு அப்புறம் டிஸ்னி சேனல் ஒரு விஷயத்த கண்டுபுடிச்சிடுச்சு, லிஸி மெக்வயர் 2001ல, ஹானா மான்டானாவும் ஹை ஸ்கூல் மியூசிக்கலும் 2006ல, எல்லாமே நிஜ பசங்க நடிச்சது, அந்த ஹை ஸ்கூல் மியூசிக்கல் பாட்டு ஆல்பம் தான் அந்த வருஷம் அமெரிக்காவுலயே அதிகமா வித்த ஆல்பம். வரைஞ்ச பொம்மை மேடை ஏறி பாடாது, நிஜ பொண்ணு பாடும், ஊர் ஊரா கச்சேரி போகும், ஸ்கூல் பையிலயும் தண்ணி பாட்டில்லயும் அந்த பொண்ணு மூஞ்சி வரும். அதுவும் இல்லாம ஒரு கார்ட்டூன் எபிசோட வரைஞ்சு முடிக்க பல மாசம் ஆகும், இது ரெண்டு மூணு செட் போட்டா வாரத்துக்கு ஒண்ணு எடுத்துடலாம். நிக்கலோடியனும் அதே வழியில 2007ல ஐகார்லி கொண்டு வந்துச்சு.

கார்ட்டூன் நெட்வொர்க் தான் இதுல அடி வாங்குன சேனல். பேர்லயே கார்ட்டூன் இருக்குற சேனல் 2009ல சிஎன் ரியல்னு ஒரு பகுதி ஆரம்பிச்சு சாகசம், வெடி வெக்கிறது, பேய் தேடுறதுன்னு ஆளுங்க வர்ற நிகழ்ச்சியா போட்டாங்க, ரசிகர்களுக்கு பயங்கர கோவம், ஓடவும் இல்ல. அடுத்த வருஷமே அட்வென்ச்சர் டைம், ரெகுலர் ஷோன்னு ரெண்டு கார்ட்டூன் வந்து தான் சேனலுக்கு பழைய மரியாதை திரும்புச்சு. இத ஏன் சொல்றேன்னா சேனல் மாறுறது நிரந்தரம் இல்ல, ஒரு வருஷம் ஒரு பக்கம் சாயும், ஓடலைன்னா திரும்பிடும், அதனால புள்ளைக்கு புடிச்ச சேனல் மாறிடுச்சுன்னு உடனே பேக்க கேன்சல் பண்ணாதீங்க, ஒரு மாசம் பாருங்க.

நம்ம பக்கம் கத வேற. டிஸ்னி சேனல் 2004 டிசம்பர்ல இந்தியா வந்துச்சு, அவங்க 2011ல ஒரு அமெரிக்க தொடர பெஸ்ட் ஆஃப் லக் நிக்கின்னு பேர் வெச்சு இந்தில நம்ம ஊர் நடிகர்கள வெச்சு எடுத்தாங்க. போகோ சேனல் 2004 ஜனவரில வந்துச்சு, மொத சில வருஷம் மிஸ்டர் பீன், தகேஷி கேஸில், கைவேல சொல்லித் தர்ற மேட்னு ஆளுங்க வர்ற நிகழ்ச்சி நெறைய. அப்புறம் 2008ல சோட்டா பீம் வந்து எல்லாத்தையும் தூக்கி சாப்ட்டுடுச்சு, 2012ல நிக்கலோடியன்ல மோட்டு பட்லு, இங்க காத்து கார்ட்டூன் பக்கமே திரும்பிடுச்சு. அதுக்கு என் கணிப்புல பெரிய காரணம் டப்பிங். பொம்மை வாயி சும்மா தொறந்து மூடும், தமிழ்ல பேசுனாலும் தெலுங்குல பேசுனாலும் பொருந்திடும், நிஜ ஆளு இந்தில பேசுற வாயில தமிழ ஒட்டுனா புள்ளைங்களே கண்டுபுடிச்சிடும், வீடு, சாப்பாடு, ட்ரெஸ் எதுவும் நம்மளுது மாதிரியும் இருக்காது. தமிழ்ல நேரா எடுத்த மை டியர் பூதம் மாதிரி தொடருக்கு அன்னைக்கு இருந்த கூட்டம் டப்பிங் தொடருக்கு வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

சரி, வீட்டுக்கு வருவோம். மொதல் வேல ஒரு வாரம் சேனல கவனிக்கிறது. ரிமோட்ல கைடு பட்டன அழுத்துனா அன்னைக்கு நிகழ்ச்சி லிஸ்ட் வரும், அதுல எந்த நேரம் கார்ட்டூன், எந்த நேரம் ஆளுங்க நடிச்சதுன்னு ஒரு பழைய நோட்டு பேப்பர்ல எழுதி ப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. பெரிய பசங்க ஸ்கூல்ல இருக்குற காலை நேரத்துல பொதுவா குட்டிங்களுக்கான படம் தான் போடுவாங்க, சாயங்காலமும் சனி ஞாயிறும் பெரிய பசங்களுக்கானத தள்ளுவாங்க, அதனால உங்க வீட்டு குட்டிக்கு காலைலயே அவங்க பங்கு குடுத்துட்டீங்கன்னா சாயங்கால சண்டை பாதி கொறஞ்சிடும். டிவி நேரம் முடியிறப்ப கடலூர்காரங்க சில்வர் பீச், பாண்டிக்காரங்க பீச் ரோடுன்னு கெளம்பிட்டா ரிமோட்ட புடுங்குற வேலையும் இருக்காது.

அப்புறம் மொழி. நெறைய வீட்ல இந்தில ஓடுறதயே புள்ளைங்க பாத்துட்டு இருக்கும், கேட்டா தமிழ் வரலைன்னு சொல்வாங்க. ரிமோட்ல ஆடியோ இல்லன்னா லாங்குவேஜ்னு ஒரு பட்டன் இருக்கும், அத அழுத்தி பாருங்க, பல குழந்தைங்க சேனல்ல தமிழும் இங்கிலீஷும் உள்ளயே இருக்கும். சில கம்பெனி தமிழுக்கு தனி நம்பர் குடுத்திருப்பாங்க, அத கேபிள்காரர கேளுங்க. என்னை கேட்டா ஆளுங்க நடிச்ச நிகழ்ச்சிய மூல மொழியில பாக்கறது நல்லது, பாண்டில கவர்மென்ட் ஸ்கூலெல்லாம் சிபிஎஸ்இக்கு மாறுனதுக்கு அப்புறம் இங்கிலீஷ் காதுல விழுறது அந்த புள்ளைங்களுக்கு உதவும், ஆனா அஞ்சு வயசுக்கு கீழ கார்ட்டூன கண்டிப்பா தமிழ்லயே வெய்ங்க, அந்த வயசுல தான் வார்த்த வந்து சேருது.

இப்ப பேக். 2019 பிப்ரவரி 1ல இருந்து, போன், டிவி கம்பெனிங்கள கண்காணிக்கிற டிராய் அமைப்போட விதிப்படி எந்த கட்டண சேனலையும் தனியா வாங்கிக்கலாம், பல சேனல ஒண்ணா கட்டி விக்கிற பொக்கேவ மொத்தமா எடுத்தா தான்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மாசம் கட்டுற பணத்துல ரெண்டு பாகம், ஒண்ணு நெட்வொர்க் கட்டணம், இன்னொண்ணு நீங்க எடுத்த சேனல் விலை, ரெண்டுக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. குழந்தைங்க சேனலுக்கு தனித்தனி விலை சில ரூபாய் தான், ஆனா நாலஞ்ச தனித்தனியா சேத்தா பொக்கேவே லாபமா வரும், அதனால பேனா எடுத்து கூட்டி பாத்துட்டு சொல்லுங்க. சுட்டி டிவி பெரும்பாலும் சன் தமிழ் பொக்கேலயே வந்துடும், அத மறுபடி தனியா கேக்க வேணாம். ஒரு சேனல் ஒரு மாசம் பாத்தும் புள்ளைக்கு ஒத்து வரலைன்னா அத மட்டும் எடுத்துட்டு வேற ஒண்ணு போடச் சொல்லுங்க, பாக்ஸ் அடியில இருக்குற கார்டு நம்பர போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கிட்டா லைன்மேன் அண்ணனுக்கு அனுப்பறது சுலபம்.

கடலூர்ல அரசு கேபிள் பாக்ஸ் வெச்சிருக்கவங்க பாண்டில இருக்குற சொந்தக்காரங்க வீட்டு லிஸ்ட பாத்து அதே பேக்க கேக்காதீங்க. அரசு கேபிள் தமிழ்நாடு அரசு கம்பெனி, பாண்டி தனி யூனியன் பிரதேசம், அங்க எல்லாம் வேற கம்பெனி, சேனல் நம்பரும் வேற பொக்கேவும் வேற. லீவுக்கு ரெட்டியார்பாளையம் பாட்டி வீட்டுக்கு போற புள்ள அங்க அதே நம்பர அழுத்தி செய்தி சேனல் வந்து ஏமாந்து போகும், அதனால ரெண்டு வீட்டு நம்பரையும் ஒரு தாள்ல எழுதி குடுத்து அனுப்புங்க, ஆறு வயசுக்கு மேல அதுவே பாத்து போட்டுக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், இதுல அவசரப்படாதீங்க. ஆளுங்க நடிச்ச புது தொடர் எது வந்தாலும் மொதல் ரெண்டு எபிசோட புள்ளை கூட உக்காந்து பாருங்க, போன கீழ வெச்சுட்டு. கார்ட்டூன் பாக்குற புள்ளைக்கு அது வரைஞ்சதுன்னு ஓரளவு தெரியும், பாறை விழுந்து தட்டையாகி மறுபடி எழுந்து ஓடுனா சிரிச்சுட்டு போயிடும். அதையே நிஜ மனுஷன் பண்ணா நாமளும் பண்ணலாம்னு தோணும். சக்திமான் ஓடுன காலத்துல இதே பயம் வீட்டுக்கு வீடு இருந்துச்சு, அப்ப வளந்தவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அதனால குதிக்கிறது, தீ, தண்ணி, கயிறு வர்ற காட்சி வந்தா அப்பவே நிறுத்தி இது எப்படி எடுத்திருப்பாங்கன்னு சொல்லுங்க, கீழ மெத்த இருக்கும், இடுப்புல கயிறு கட்டியிருப்பாங்க, பக்கத்துல பெரியவங்க நிப்பாங்கன்னு. முடிஞ்சா உங்க போன்லயே ஒரு காட்சி எடுத்து காட்டுங்க, கட்டில் மேல இருந்து பறக்குற மாதிரி ரெண்டு துண்டா எடுத்து ஒட்டுனா போதும், புள்ளைக்கு நடிப்புன்னா என்னன்னு புரிஞ்சிடும், அதுக்கப்புறம் எதப் பாத்தாலும் "இது எப்படிப்பா எடுத்தாங்க"ன்னு அதுவே கேக்கும்.

ரெண்டாவது கவனிக்க வேண்டியது, அதுல வர்ற பேச்சு. அந்த அமெரிக்க தொடரெல்லாம் பெரும்பாலும் ஒன்பதுல இருந்து பதினாலு வயசுக்காக எடுத்தது, அதுல ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டி பேசுறது, அப்பாவ முட்டாளா காட்டுறது, யாரு யார விரும்புறாங்கன்னு பேச்சு எல்லாம் சாதாரணமா வரும், அந்த சிரிப்பு சத்தம் வேற எங்க சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்துடும். ஆறு வயசு புள்ள ஜோக் புரியாமலே அந்த தொனிய மட்டும் எடுத்துக்கும், அடுத்த நாள் பாட்டிகிட்ட அதே மாதிரி பேசும். இதுக்கு அடி, திட்டு வேணாம். சிரிப்பு வந்த இடத்துல "இவன் சொன்னது அவளுக்கு வலிச்சிருக்குமா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, அவ்ளோ தான். பதினோரு வயசு பொண்ணு பாக்குறான்னா தடுக்காதீங்க, புது ஸ்கூல் பயம், ப்ரெண்டு சண்டை, முகப்பரு கவலைன்னு அவ வயசு பிரச்சனைய வேற யாரும் டிவில பேசுறது இல்ல, நம்ம சீரியல்ல குழந்தைங்கன்னா அழறதுக்கும் கடத்தறதுக்கும் தான் வர்றாங்க.

பாக்ஸ்ல சேனல் லாக் இருக்கு, செட்டிங்ஸ்ல பேரன்டல்னு இருக்கும், பின் நம்பர் பழசா 0000 இல்ல 1234ன்னு இருந்தா மொதல்ல அத மாத்துங்க. குட்டிக்கு நாலு சேனல் மட்டும் பேவரிட்ல போட்டு வெய்ங்க. ஆப்ல பாக்குறவங்களுக்கு இன்னும் சுலபம், 2021 விதிப்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+னு வயசு போட்டே ஆகணும், குழந்தைக்குன்னு தனி ப்ரொபைல் போட்டா பெரியவங்க படம் வராது. ரெண்டுல இருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்க்ரீன் வேணாம், ரெண்டு வயசுக்குள்ள வேணவே வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது கார்ட்டூன், ஆளுங்க நடிச்சது ரெண்டுக்கும் சேத்து தான்.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணு, மழைக் காலத்துக்கு முன்னாடியே படத்த எறக்கி வெச்சுக்கிறது. 2011 கடைசில தானே புயல், 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல், ரெண்டுமே நம்ம கடற்கரைய தான் அடிச்சுது, ஸ்கூல் லீவு, கரண்ட் இல்ல, கேபிள் வயர் அறுந்து தொங்கும், புள்ளைங்க வீட்டுக்குள்ளயே. அக்டோபர் பொறந்ததுமே கட்டண ஆப்ல இருக்குற டவுன்லோட் வசதியில குட்டிக்கு கொஞ்சம் கார்ட்டூன், பெருசுக்கு அது பாக்குற தொடர் கொஞ்சம் போன்ல எறக்கி வெய்ங்க, பவர் பேங்க சார்ஜ் போட்டு வெய்ங்க. அந்த டவுன்லோட் சில நாள்ல காலாவதி ஆயிடும், அதனால புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு தடவ திறந்து பாத்துடுங்க.

கேட்ட சேனல் போடல, வேணாம்னு சொன்னதுக்கு பணம் எடுக்குறாங்கன்னா மொதல்ல கேபிள்காரர்கிட்ட வாய்ல சொல்லிட்டு வாட்ஸ்அப்லயும் தேதியோட அனுப்புங்க. சரியாகலைன்னா பாக்ஸ் கம்பெனி கஸ்டமர் கேருக்கு அடிச்சு புகார் நம்பர் கேட்டு வாங்குங்க, அந்த நம்பர் இல்லாம பேச்ச முடிக்காதீங்க. அதுக்கு மேல நோடல் ஆபிசர்னு ஒருத்தர ஒவ்வொரு கம்பெனியும் வெச்சே ஆகணும், 999ம் நம்பர்ல வர்ற தகவல் சேனல்லயோ கம்பெனி சைட்லயோ அவர் விவரத்த பாத்து புகார் நம்பரோட எழுதிப் போடுங்க.