சும்மா நிக்கிற காரோட டிஸ்க்ல துரு: மலையகத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம பக்கம் நிறைய வீட்டுல கார் ஓடுறத விட நிக்கிறதுதான் கூட. மகன் டுபாய்லயோ கட்டார்லயோ இருப்பாரு, அப்பாவுக்கு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் கார் தேவப்படும், மத்த நாளெல்லாம் அது ஷெட்லதான். அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மே மாசம் தென்மேல் பருவமழ தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் துணியே காயாது, ரெண்டு வாரம் கழிச்சு கார எடுக்கப் போனா வீலுக்குள்ள சுத்துற பிரேக் தட்டு, அதான் டிஸ்க், செம்மஞ்சளா தெரியும். அத பாத்த ஒடனே செய்ற வேலைலதான் தப்பு நடக்குது.

பயந்து போய் புது டிஸ்க் வாங்க ஓடாதீங்க. டிஸ்க் வார்ப்பிரும்பு, அத ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கிற பிரேக் பேட் படுற எடத்துல பெயிண்ட் இருந்தா பிரேக்கே புடிக்காது, அதனால அந்த முகம் வெறும் இரும்பாதான் இருந்தாகணும், ஒரு ராத்திரி மழைக்கே மேல துரு தூவிரும். அந்த மேல் துருவ பேட்டே தேச்சு எடுத்துரும், கொஞ்ச தூரம் மெதுவா பிரேக் புடிச்சு புடிச்சு ஓட்டினா போதும், மொதல்ல கரகரன்னு சத்தம் வரும், அப்புறம் அடங்கிரும். ஓரத்துலயும் நடுவுலயும் பேட் படாத எடத்துல துரு அப்பிடியே நிக்கும், அதால ஒண்ணும் ஆகாது. இலங்கைல 2020 மார்ச்சுல நிப்பாட்டின கார் இறக்குமதிய 2025 பெப்ரவரிலதான் திரும்ப தொறந்தாங்க, நம்மகிட்ட ஓடுறதுல முக்காவாசி பழைய வண்டிதான், கொழும்புல வண்டி சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி சாமான் எடுக்கிற செலவு எல்லாருக்கும் தெரியும், தேவையில்லாம அந்த சல்லிய கொட்ட வேணாம்.

ஆனா இதுக்கு நேர் எதிரான தப்புதான் ஆபத்து. வெளிய நின்னு பாத்து டிஸ்க் பளபளன்னு இருக்கு, பிரச்சின இல்லன்னு முடிவு பண்றது. டிஸ்க்குக்கு ரெண்டு முகம் இருக்கு, உள்முகம் நமக்கு தெரியாது. ஃபோன் டோர்ச்ச அடிச்சு டயருக்கு பின்பக்கமா குனிஞ்சு பாருங்க. வெளிமுகம் சுத்தமா இருந்து உள்முகம் மட்டும் செதில் செதிலா, வெரல் நகம் மாட்டுற அளவுக்கு குழி விழுந்து இருந்தா அது மேல் துரு இல்ல, பேட்ட அமுக்குற கேலிப்பரோ உள்பக்க பேட்டோ ஒழுங்கா நகரலன்னு அர்த்தமா இருக்கலாம். கேலிப்பர் ரெண்டு பின்னு மேல வழுக்கி நகரணும், அந்த பின்னோட ரப்பர் கிழிஞ்சு தண்ணி போயிருந்தா பின் துருப் புடிச்சு எறுகிரும், அப்புறம் ஒரு பேட் மட்டும்தான் ஒழுங்கா புடிக்கும். இங்க புது டிஸ்க் மாட்டினாலும் பின்ன கழட்டி தொடச்சு கிரீஸ் போடலன்னா சீக்கிரமே திரும்ப அதே கததான். அந்த கிரீஸும் பிரேக்குக்குன்னு விக்கிற கிரீஸா இருக்கணும், வீல் பேரிங்குக்கு போடுறத போட்டா ரப்பர் ஊதிரும். குழி விழுந்த டிஸ்க்க லேத்துல குடுத்து சீவலாம்தான், ஆனா டிஸ்க்குலயே குறைஞ்ச கனம் எவ்வளவுன்னு மில்லிமீட்டர்ல வெட்டி வச்சிருப்பாங்க, சீவினதுக்கு அப்புறம் அதுக்கு கீழ போச்சுன்னா அத மாட்டவே கூடாது, கராஜ் பாஸ் பரவால்லன்னு சொன்னாலும் அளந்து காட்ட சொல்லுங்க.

டபிள்யூ டி 40, பழைய எஞ்சின் ஒயில், தேங்கா எண்ணெய், எதையும் டிஸ்க் மேல தடவாதீங்க. துரு போகும்தான், எண்ணெய் பேட்டுக்குள்ள ஊறிரும், அந்த பேட்ட தூக்கி வீசத்தான் வேணும். கிரைண்டர் போட்டு தேய்க்கிறவங்களும் இருக்காங்க, ஒரு எடம் மேடு ஒரு எடம் பள்ளம் ஆகி பிரேக் மிதிக்கும்போது பெடல் துடிக்கும், வேணவே வேணாம்.

அப்புறம் கழுவின கையோட ஷெட்ல போட்டு பூட்டுறது. கழுவின பொறகு ஒரு ரவுண்டு போய் நாலஞ்சு தடவ பிரேக் புடிச்சிட்டு வந்தா டிஸ்க் சூட்டுலயே காஞ்சிரும். புல்லு மேலயும் ஈர மண்ணு மேலயும் நிப்பாட்டி பிளாஸ்டிக் கவர தரை வரைக்கும் இழுத்து மூடினா ஈரம் உள்ளயே சுத்தும். வாரக்கணக்கா நிக்கப் போற காருக்கு ஹேண்ட் பிரேக் போட்டு விட்டாலும் பின் பிரேக் துருவோட ஒட்டிக்கும். சமதளம் கெடச்சா ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல போட்டு, ஓட்டோ கியர்னா பார்க்ல (P) போட்டு, டயருக்கு முன்னயும் பின்னயும் நல்ல கட்டை வைங்க. நம்ம வாசல்ல சமதளம் எங்க இருக்குன்னு கேப்பீங்க, சரிவுல நிக்கிறதுன்னா ஹேண்ட் பிரேக் கட்டாயம் போடணும், கட்டையும் வைக்கணும், அதுக்கு பதிலா அடிக்கடி எடுத்து ஓட்டுங்க. ஒட்டிருச்சுன்னா எஞ்சின அலறவிட்டு இழுக்காதீங்க, டிரம் பிரேக்ல ஒரசி புடிக்கிற பட்டை, அதான் லைனிங், அது ஒட்டியிருக்கிற ஷூவ விட்டு பிஞ்சு வந்துரும்.

காலைல ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் நிக்க வச்சிட்டு நிப்பாட்டுறத நிறைய பேர் பராமரிப்புன்னு நெனைக்கிறாங்க, டிஸ்க்குக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல, வீல் சுத்தினாதான் துரு போகும். பிரியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட்ல ஓட்டினாலும் கவனம் வேணும், மெல்ல மிதிச்சா மோட்டர்தான் கார நிப்பாட்டுது, பேட் டிஸ்க்க சரியா தொடுறதே கொறவு, அதனால ஆள் இல்லாத நேரான ரோட்டுல எடையிடையில கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும்.

இதெல்லாத்தையும் விட நான் அழுத்தி சொல்றது ஒண்ணுதான். நம்ம ஊர்ல கேட்ட தாண்டின ஒடனே எறக்கம். நாளா நின்ன கார எடுத்து நேரா ரம்பொடை எறக்கத்துலயோ பெரகல வெல்லவாய ரோட்டுலயோ விடாதீங்க, தயவு செஞ்சு. வாசல்லயே எஞ்சின் ஓடும்போது பெடல மிதிச்சு புடிச்சுக்கிட்டே இருங்க, கால் மெல்ல மெல்ல கீழ போச்சுன்னா கார எடுக்காதீங்க. பெடல் சரின்னா மேட்டு பக்கமாவோ சமமான ரோட்டுலயோ கொஞ்ச தூரம் போய் பிரேக் ஒரு பக்கம் இழுக்குதா, சத்தம் அடங்குதா பாத்துட்டு எறங்குங்க. எறக்கத்துல ரெண்டாவது கியர், ஓட்டோ கியர்னா L, பிரியஸ்னா B (பார்க் P இல்ல). கீழ போய் நிப்பாட்டினதும் நாலு ரிம்முக்கும் பக்கத்துல கைய கொண்டு போங்க, டிஸ்க்க தொட வேணாம், ஒரே அச்சுல ஒரு பக்கம் மட்டும் அனலா அடிச்சா அங்க பேட் விடாம ஒரசுது.

பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், கார் ஓடாட்டியும் உறிஞ்சும். டொட் 4 (DOT 4)ங்கிற வகை ஃப்ளூயிட்டுக்கு புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறின கணக்குல தரம் கேக்கிறது வெறும் 155 தான், நீளமான எறக்கத்துல அது கொதிச்சா பெடல் சும்மா கீழ போகும். கிலோமீட்டர் ஓடலன்னு தள்ளிப் போடாம ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க, வீட்டுல பாதி ஊத்தி மிச்சம் வச்ச போத்தல் வேணாம், சீல் ஒடைக்காததா வாங்குங்க.